பிரிக்காத பொட்டலம்

சம்பூரணம் அக்கா சொல்லும் அந்தக் கதையைச் சென்னியப்பன் முப்பது வருஷத்துக்கும் மேலாக நம்பவில்லை. நம்பவில்லை என்று அவளிடம் சொன்னதும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில், இழவு வீட்டு வாசலில், காதுகுத்துக்குப் போகும் வேனில், எங்கே நாலு பேர் கூடி உடம்பு, ஆஸ்பத்திரி என்று பேச ஆரம்பித்தாலும் அவள் அதை எடுத்துவிடுவாள். அய்யனுக்குக் கன்னத்தில் புற்று வந்தது, மெட்ராஸ் டாக்டர் தாடையில் பாதியும் நாக்கும் போய்விடும் என்றான், செல்லாண்டியம்மனிடம் பூ கேட்டோம், அம்மன் சிவப்புக் கொடுத்துவிட்டாள், கத்தி படாமல் அய்யன் முழு உடம்போடு போய்ச் சேர்ந்தார். கேட்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வருஷம் ஏற ஏறக் கதையும் ஏறும். ஒரு தரம் பல்லி கத்தியது சேர்ந்துகொண்டது. இன்னொரு தரம் கருவறை விளக்கின் சுடர் காற்றில்லாமலே ஒருபக்கம் சாய்ந்தது. அப்போதெல்லாம் சென்னியப்பன் எழுந்து வெளியே போய்விடுவான். முழு உடம்பாம். அப்பாவின் கன்னத்தில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை இருந்தது. குடித்த கஞ்சி அந்த வழியாக வந்து கழுத்தில் இறங்கும். கடைசியில் புழுவும் வைத்தது. அதையெல்லாம் அவனும் பார்த்தான், அவனைவிட அதிகமாக அவள் பார்த்தாள். பார்த்த அதே கண்ணை வைத்துக்கொண்டு முழு உடம்பு என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்று நினைத்தாலே அவனுக்கு நாக்கின் அடியில் கசப்பு ஊறும்.

இன்றைக்கு அதே செல்லாண்டியம்மன் கோயிலின் முன்மண்டபத்தில், யாரோ தங்கள் பெயரைப் பெரிதாக எழுதி உபயம் செய்த சிமெண்ட் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தான் என்று சொல்வதைவிட ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான் என்று சொல்ல வேண்டும். உடம்பின் எடை முழுவதையும் இடது தொடைக்குக் கொடுத்திருந்தான். வெயில் ஏறிவிட்டது. தலைக்குமேல் தகரக் கூரை சூட்டில் டக் டக்கென்று விரிந்துகொண்டிருந்தது. கீழே தரையெல்லாம் மஞ்சள் தண்ணீர், நசுங்கிய வாழைப்பழம், மிதிபட்ட எலுமிச்சை. மண்டபத்துக்கு வெளியே நேற்றோ முந்தாநாளோ ஆடு வெட்டிய இடத்தில் மணல் போட்டு மூடியிருந்தார்கள், ஈக்களுக்கு அது தெரியாமல் இல்லை. அங்கே உட்கார்ந்துவிட்டு எழுந்த ஈக்கள் நேராக வந்து சர்க்கரைப் பொங்கல் குண்டாவின் விளிம்பில் உட்கார்ந்தன. யாருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, எதை மிதிக்கிறோம் என்று தெரியாமல், ஆளாளுக்கு நனைந்த பாதத்தோடு போய் வந்துகொண்டிருந்தார்கள். அவனும் கழற்றித்தான் வைத்திருந்தான். விரல் இடுக்கில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து பார்க்க முடியாது. குனிந்தால் வலிக்கும். பெருங்குடல் முடிகிற இடத்தில் கட்டி. கோயமுத்தூர் டாக்டர் ஒரு பெண், சின்ன வயசு, கனிவாகத்தான் பேசினாள். “ஆபரேஷன் பண்ணினா நல்லாயிடுவீங்கன்னு நம்பறேன் சார். ஆனா பின்பக்கத்தை மூடிடுவோம். வயித்துல ஒரு துளை வெச்சு அதுல பை மாட்டிக்கணும். காலத்துக்கும்.” பையை எடுத்து மேஜையில் வைத்தாள். தோல் நிறத்தில் பிளாஸ்டிக். திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் நிறத்துக்கு நிறம் ஒத்துப் பார்ப்பதே முப்பது வருஷத் தொழிலாக இருந்தவன் அவன். இது எந்த மனிதனுடைய தோல் நிறமும் இல்லை என்பதுதான் அவன் மனதில் முதலில் பட்டது. வேண்டாம் என்றால் ஊசி மருந்து என்று கொஞ்ச காலம் தள்ளலாம், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றாள். “நாளைக்குள்ள சொல்லுங்க சார். நீங்கதான் முடிவு பண்ணணும்.” நீங்கதான். லேபில் ஒரு துண்டுத் துணியைப் பார்த்துவிட்டு ஓகே என்றோ ரிஜெக்ட் என்றோ அவன் சொல்லும் ஒரு சொல்லில் ஒரு லோடு துணி நகரும், ஒரு லோடு துணி நிற்கும். அந்த வாய் அங்கே திறக்கவில்லை. காரில் திரும்பி வரும்போது அவிநாசி தாண்டியதும் மனைவி வசந்தாமணி மெதுவாகக் கேட்டாள்: “ஏனுங்க, அம்மன்கிட்ட ஒரு பூ கேட்டுப் பாத்துரலாங்களா?” அவள் எதிர்பார்த்தது ஒரு கத்தல். முப்பது வருஷமாக அவனிடம் சாமி பேச்சை எடுத்தால் அதுதான் கிடைக்கும். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதுகூடக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கோயில் மண்டபத்தில் எங்கே துப்புவது?

பூ கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரே அளவாகக் கிழித்த இரண்டு எருக்கிலை. ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளரளி. வாழை நாரால் கட்டி இரண்டும் ஒன்றுபோலத் தெரியவேண்டும். கேட்பவர் வீட்டில் பிறந்த பெண் ஒருத்தி தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு, சேலைத் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கட்டுவாள். கட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது. அம்மன் காலடியில் வைத்துப் பூஜை முடிந்ததும், விஷயம் தெரியாத வெளியாள் யாரையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பூசாரி பிரிப்பார். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். இது எல்லாக் கோயிலிலும் ஏறக்குறைய உள்ளதுதான். செல்லாண்டியம்மன் கோயிலில் இன்னொன்று உண்டு. எடுக்காமல் மிச்சம் நிற்கும் பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. கட்டிய பெண்ணே அதை அப்படியே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். பிரித்துப் பார்த்தால் அம்மன் சொல்லைச் சந்தேகப்பட்டதாக ஆகும். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று சென்னியப்பன் பல தடவை நினைத்து வியந்திருக்கிறான், வியந்த கையோடு அருவருத்தும் இருக்கிறான். யார் முதலில் இந்த விதியைச் செய்தது? எந்தக் காலத்தில், எந்தக் குடும்பத்தில், எந்தப் பெண்ணுக்காக? அன்றைக்கு, அப்பாவுக்குப் பூ கேட்ட அன்றைக்கு, ஒரு வளையல்காரர் கோயிலுக்கு வந்திருந்தார். அவரைத்தான் எடுக்கச் சொன்னார்கள். அவர் பயந்துகொண்டே ஒன்றை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தார். எல்லாருடைய கண்ணும் பூசாரி விரல் முடிச்சை அவிழ்ப்பதில் இருந்தது. அவன் மட்டும், எதனால் என்று தெரியாது, அக்காவைப் பார்த்தான். அவள் தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். முடிச்சு இன்னும் அவிழவில்லை. என்ன நிறம் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாமா அவளுக்கு? பெற்ற அப்பன் விஷயம் அல்லவா? அந்த ஈரமான முதுகு, வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல், அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவளைப்போல நடந்து போன அந்த நடை. அங்கேதான் அவன் புத்தி சிக்கிக்கொண்டது. வயசு போய்விட்டது, தலை நரைத்துவிட்டது, புத்தி இன்னும் அந்த முதுகில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

“சிவப்புங்களா?” என்று ஒரு பெண் அலறினாள். சென்னியப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். கருவறை வாசலில் அவர்களுக்கு முன்னால் வந்த கூட்டம். இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள், பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறதாம், அதைக் கேட்கிறார்கள். பூசாரி வெள்ளிங்கிரி, முப்பது வயசு இருக்கும், வேட்டி மடிப்பில் செல்போன் துருத்திக்கொண்டிருக்க, பிரித்த இலையை எல்லாருக்கும் காட்டினான். “இன்னொருக்காக் கேளுங்க பூசாரி, அம்மா ஏதோ கவனம் தப்பிக் கொடுத்திருக்கா” என்றாள் பெண்ணின் தாயார். “ஏனுங்கக்கா, இது என்ன கேஸ் கம்பெனி நம்பருங்களா, லைன் கட்டாச்சுன்னா மறுக்கா அடிக்கறதுக்கு?” என்றான் பூசாரி. கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு கிழவர், “மாப்பிள்ளைக்கு ஜெர்மனில வேலைன்னு அம்மாகிட்டச் சொன்னீங்களா இல்லியா?” என்றார். “அவளுக்குத் தெரியாதாக்கும்!” “தெரிஞ்சிருந்தாச் சிவப்புக் கொடுத்திருப்பாளா? சொல்லிப்போட்டுக் கேளு அம்மிணி.” மறுபடி சிரிப்பு. கடைசியில் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். இந்த வரன் வேண்டுமா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, தை பிறந்ததும் செய்யலாமா என்று கேட்பதாக முடிவாயிற்று. மறுபடி பொட்டலம், மறுபடி மணி. இந்தத் தடவை வெள்ளை வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தீங்களா, எவ்வளவு தெளிவாச் சொல்லிட்டா!” என்றாள். கல்யாணப் பெண் தூணில் சாய்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தாள், அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சிவப்பு வந்தபோதும் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, வெள்ளை வந்தபோதும் ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் வந்து சென்னியப்பன் கையில் தொன்னையைத் திணித்துவிட்டுப் போனார். நெய் மிதக்கும் பொங்கல், மேலே கறுத்த முந்திரி, ஓரத்தில் ஒரு முடி. அதை வைத்துக்கொள்ளவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் ஏந்திக்கொண்டிருந்தான். நெய் உருகித் தொன்னையின் அடியில் கசிந்து மணிக்கட்டில் இறங்கியது. கேட்டது கிடைக்கும்வரை கேட்பது. கிடைத்ததும் அவள் சொன்னாள் என்பது. இதற்கு எதற்கு இத்தனை மணி, இத்தனை புகை?

மனிதர்கள் எதற்காகக் கும்பிடுகிறார்கள் என்பதற்கு அவனிடம் எப்போதும் ஒரு பதில் இருந்தது. இருபது வயசில் பயம் என்று சொன்னான், டீக்கடையில் சத்தமாகவே சொன்னான். பிறகு பழக்கம் என்றான், பல் விளக்குவதைப்போல. பிறகு கொஞ்சம் இளகி, தனியாக அழ வெட்கப்படுகிறவர்கள் கூட்டமாக அழுவதற்கு ஓர் இடம் வேண்டும், அதுதான் இது என்று நினைத்தான். எல்லாப் பதில்களும் மற்றவர்களைப் பற்றியவையாகவே இருந்தன என்பது இப்போது, இந்தப் பிசுபிசுத்த பெஞ்சில், நெய் வழியும் கையோடு உறைத்தது. கற்பூரம் ஏற்றியிருக்கிறார்கள். மூக்கில் ஏறியதும் குமட்டியது. மற்றவர்களுக்கு அது சாமி வாசனை. அவனுக்கு அது அப்பாவின் வாசனை. அப்பா படுக்கையில் கிடந்த மூன்று மாசமும் வீட்டில் வேளாவேளைக்குக் கற்பூரம் கொளுத்தினார்கள், சாம்பிராணி போட்டார்கள், கட்டிலின் நாலு காலிலும் ஜவ்வாதுகூடத் தடவிப் பார்த்தார்கள். எதைக் கொளுத்தினாலும் அதற்கடியில் அது இருந்தது. எலி செத்துக் கிடக்கும் பரணின் வாடையும் இனிப்பும் கலந்த மாதிரி. பார்க்க வருகிறவர்கள், “வீடே கோயில் மாதிரி மணக்குது” என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைப்பதுபோல மூடிக்கொள்வார்கள். அம்மா புண்ணைப் பார்த்தாலே வாந்தி எடுத்துவிடுவாள். அவன் திருப்பூரில் புதிதாகச் சேர்ந்த வேலையில் இரவு ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வெள்ளகோயிலில் கட்டிக்கொடுத்த அக்கா வந்து இருந்தாள். பஞ்சும் வெந்நீருமாக, மூக்கில் துணிகூடக் கட்டாமல், அவள்தான் துடைத்தாள். கட்டினால் அய்யன் மனசு நோகும் என்பாள். அவள் புருஷன் வாரத்துக்கு ஒரு தரம் சைக்கிளில் வந்து வாசலிலேயே நின்று, “எப்ப வர்றே?” என்று கேட்டுவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். அவள் பஞ்சைக் கொதிநீரில் போடுவாள்.

அப்படியானால் அன்றைக்கு அவளுக்கு எது வேண்டியிருந்தது? இந்த இடத்துக்கு வந்ததும் அவன் யோசனை எப்போதும் இரண்டாகக் கிழியும். ஆபரேஷன் செய்திருந்தால் அப்பா வருஷக்கணக்கில் இருந்திருக்கலாம், வாயில்லாமல், மூக்கில் குழாயோடு. அத்தனை வருஷமும் பஞ்சும் வெந்நீரும் அவள் கையில்தான். புருஷன் எத்தனை நாள் வாசலில் நிற்பார்? அலுத்துப்போய் முடித்துவிட்டாள், அம்மன் பெயரைச் சொல்லி முடித்துவிட்டாள். ஒரு பக்கம் இது. இன்னொரு பக்கம், அப்பாவுக்குக் கத்தி என்றால் அப்படி ஒரு பயம். மெட்ராஸிலிருந்து வந்த அன்று முழுக்க அவர் கையால் தாடையை மூடிக்கொண்டே கிடந்தார். இரவில் அவள் மட்டும் பக்கத்தில் இருந்தாள். அவர் குழறிக் குழறி ஏதாவது சொல்லியிருப்பாரா? என்னை வெட்ட விடாதே அம்மிணி என்று? அவள் அதை வெளியே சொல்லாமல் தலையில் ஏற்றிக்கொண்டு, இரண்டு இலையிலும் சிவப்பை வைத்துக் கட்டினாளா? ஒரே துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு நிறம், கடை வெளிச்சத்தில் பார்த்தால் வேறு நிறம். லேபில் அதற்கென்றே ஒரு விளக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள், மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அக்காவை எந்தப் பெட்டியில் வைத்துப் பார்ப்பது? ஒரு வெளிச்சத்தில் கொலைகாரி, ஒரு வெளிச்சத்தில் தெய்வம். இரண்டும் வேண்டாம் என்றால் மிச்சம் இருப்பது உண்மையாகவே கல் பேசியது என்பது. அதை நம்புகிறவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்! அன்றைக்கு இலையைப் பிரித்ததும் சிவப்பைப் பார்த்த அம்மா ஒரு மூச்சு விட்டாளே, அது அழுகை மூச்சா? தாய்மாமாவின் தோள் சட்டென்று இறங்கியது. தலையிலிருந்த மூட்டையை யாரோ கை கொடுத்து இறக்கிவைத்த மாதிரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவனுக்கும் வயிற்றில் இளஞ்சூடாக ஒன்று பரவியது. பிறகு எல்லாரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டார்கள். அவன் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நன்றாக இருந்தது. அப்பா சாகலாம் என்று உத்தரவாகிவிட்டது, யார் கையிலும் ரத்தம் இல்லை, பொங்கலில் நெய் தாராளமாக இருந்தது.

“அதை வெச்சுட்டே இருக்கறீங்க, ஒரு வாய் போடறது” என்று வசந்தாமணி வந்து நின்றாள். கையில் நெய்விளக்குத் தட்டு. முகத்தில் தூக்கம் இல்லாத கறுப்பு. “முடி கிடக்குது” என்றான். “எல்லாத்துலயும் உங்களுக்குத்தான் கண்ணுல படும்” என்று தொன்னையை வாங்கி, முடியை எடுத்துப் போட்டுவிட்டு, அவளே தின்ன ஆரம்பித்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். அவன் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த விரல்கள்தான் அந்தப் பையைக் கழற்றி, கழுவி, மாட்ட வேண்டும். வெள்ளை வந்தால். அவன் சட்டைக்குள்ளிருந்து அந்த வாடை வரும், விருந்தாளிகள் மூக்கைத் துடைப்பார்கள், இவள் ஊதுபத்தி ஏற்றுவாள். “மணி” என்றான். “பையை மாட்டிட்டு நான் இருந்தா உனக்கு அசிங்கமா இருக்காதா?” அவள் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். “எனக்கு அசிங்கமா இருக்குமுன்னு நீங்க செத்துப்போவீங்களாக்கும்? அப்பிடி எனக்காக எதையாச்சும் பண்ணியிருந்தாத்தான் ஆச்சே இந்த வீட்டுல.” கோபமாகச் சொன்னாள், பிறகு குரல் இறங்கிவிட்டது. “என்னையக் கேக்காதீங்க. ரெண்டுல எது சொன்னாலும் நாளைக்கு நாந்தான் சொன்னேன்னு ஆயிரும். அம்மா சொல்லட்டும்.” அவள் போய்விட்டாள். தொன்னையைக் கசக்கித் தூணோரம் போட்டுவிட்டுப் போனாள். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. ஆக எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவன் ஐம்பத்தாறு வயசுவரை யோசித்து வந்து சேர்ந்த இடத்தை இவள் ஒரு வாய்ப் பொங்கலுக்கு நடுவில் சொல்லிவிட்டுப் போகிறாள். சொல்ல ஒருத்தி வேண்டும். அவள் கல்லாக இருக்க வேண்டும். திரும்பக் கேட்டால் பதில் சொல்லக் கூடாது, குற்றம் சாட்டினால் அழக் கூடாது, எவ்வளவு ஏற்றினாலும் இடுப்பு ஒடியக் கூடாது. இவ்வளவுதான். இதற்குத்தான் கோபுரம், தேர், பட்டு, ஆட்டு ரத்தம். ஒரு சாணிக்குழி மாதிரி, எல்லாரும் கொண்டுவந்து கொட்ட. நினைத்ததும் அந்த நினைப்பின் மேலும் அவனுக்கு ஓங்கரித்தது. புத்திசாலித்தனமாக இருந்தது, அதனாலேயே. இவ்வளவும் தெரிந்தவன் எதற்காக இங்கே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்? வசந்தாமணியின் மனத் திருப்திக்காக என்று காலையில் கண்ணாடி முன்னால் சொல்லிக்கொண்டான். அந்தப் பொய்யைச் சவரம் செய்த முகம்கூட நம்பவில்லை. அவனுக்கு வேண்டியிருக்கிறது. சிவப்பு வந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், கோழை என்று யாரும் சொல்ல முடியாது. வெள்ளை வந்தால் பையை மாட்டிக்கொள்ளலாம், உயிர்மேல் இத்தனை ஆசையா இந்த வயசில் என்று யாரும் சொல்ல முடியாது. எது வந்தாலும் அவன் சொன்னதாக இருக்காது.

மண்டபத்தின் ஓரத்தில் கட்டியிருந்த சேலைத் திரை அசைந்தது. அதற்குப் பின்னால்தான் சம்பூரணம் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். அறுபதைத் தாண்டியவள், மூட்டு வலிக்காரி, தகவல் சொன்ன ராத்திரியே பஸ் பிடித்து வந்து இறங்கினாள். கோயிலுக்கு வரும் வழியெல்லாம் காரில் அவனைப் பார்க்கவில்லை. அவன் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததை ஒரே ஒரு தரம் பார்த்தாள், பிறகு தன் முதுகுக்கு வைத்திருந்த தலையணையை எடுத்து அவனுக்கு அடியில் நகர்த்திவிட்டாள். அவ்வளவுதான். அப்பாவின் கதையையும் இன்றைக்கு மட்டும் எடுக்கவில்லை. திரைக்குள் என்ன செய்கிறாள் இவ்வளவு நேரம்? இரண்டு இலை, இரண்டு பூ, இரண்டு முடிச்சு. ஒருவேளை இரண்டு பூவையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. அன்றைக்கும் இப்படித்தான் நேரமாயிற்றா? ஞாபகம் இல்லை. முதுகு மட்டும்தான் ஞாபகம். இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். இனிமேல் எப்போது? அன்றைக்கு இரண்டிலும் சிவப்பா என்று நேருக்கு நேர். கேட்டால்? ஆமாம் என்று சொன்னால் முப்பது வருஷத்துக் கதை உடைந்து கீழே கொட்டும், அது கொட்டினால் இன்றைய பொட்டலமும் வெறும் இலை, வெறும் பூ. பிறகு டாக்டருக்கு அவனேதான் வாயைத் திறக்க வேண்டும். இல்லை என்று சொன்னால் கல் பேசியதாக ஆகிவிடும், அப்பாவின் கன்னத்து ஓட்டையை அந்தக் கல் பார்த்துக்கொண்டு இருந்ததாகவும் ஆகிவிடும். இரண்டில் எதையும் அவனால் தாங்க முடியாது. கேட்காமல் இருந்தால்? இத்தனை வருஷம் கேட்காமல் இருந்ததற்கும் இதுதான் காரணமா? அவள் கதையை நம்பாதவன் என்று தன்னைப் பற்றி ஒரு மிதப்பு வைத்திருந்தானே, பொட்டலத்தைப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருந்தது அவன்தானா?

“ஆஸ்பத்திரிக் கேள்வி யாருங்க? வாங்க, வாங்க, உச்சிப் பூஜை முடிச்சு நடை சாத்தோணும்” என்று வெள்ளிங்கிரி உள்ளிருந்து குரல் கொடுத்தான். ஆஸ்பத்திரிக் கேள்வி. வேன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பெண் நாக்கால் உச்சுக்கொட்டினாள். வசந்தாமணி விளக்குத் தட்டோடு முன்னால் போனாள். திரையை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். நரைத்த ஈர முடி தோளில் ஒட்டிக்கிடந்தது. ரவிக்கையின் முதுகு நனைந்திருந்தது. இரண்டு கையாலும் பித்தளைத் தட்டைப் பிடித்திருந்தாள், தட்டில் இரண்டு பச்சைப் பொட்டலங்கள், ஒரே அளவு, ஒரே முடிச்சு. அவள் முகத்தில் பக்தி இல்லை. பயமும் இல்லை. வேலையை முடித்துவிட்டவளின் முகம். அதைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தெரிந்துவிட்டது. யாரையும் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. எடுப்பவர் எதை எடுத்தாலும் ஒன்றுதான். அவள் தலையணையை நகர்த்திவிட்டபோதோ, அதற்கு முன்பே பஸ்ஸில் வரும்போதோ, முடிவாகிவிட்டது. அவனுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வயிற்றில், அந்தக் கட்டிக்கு மேலே, இளஞ்சூடாக ஒன்று மெதுவாகப் பரவத் தொடங்கியது. அவனுக்கு அது அடையாளம் தெரிந்தது. சீ என்றிருந்தது. இருந்தும் அது பரவியது, நன்றாகவும் இருந்தது. அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஈரத் தரையில் கால் வழுக்காமல் இரண்டடி வைத்து அவளுக்கு எதிரில் போய் நின்றான். உள்ளே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. “வழிய விடு தம்பி” என்றாள் அக்கா, “கை வலிக்குது.” அவன் நகரவில்லை. வருஷக்கணக்காக வாயில் உருட்டி உருட்டி வைத்திருந்த கேள்வி அன்றைய நாளைப் பற்றியது, அப்பாவைப் பற்றியது. அது தொண்டைவரை வந்து அப்படியே கீழே இறங்கிப் போய்விட்டது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் பூத்துப்போயிருந்தது.

“அக்கா,” என்றான், வேறு யாருக்கும் கேட்காத குரலில், “எனக்கு எந்தப் பூவை வெச்சிருக்கே?”